‘95 சதவீதம்’ யாருடையது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ‘நிகழ்தகவும் புள்ளியியல் அனுமானமும்’ என்ற அறிமுகப் பாடத்தை எடுத்திருக்கிறேன். முதல் பாதி நன்றாகவே போனது. பகடை, சீட்டுக்கட்டு, நிபந்தனை நிகழ்தகவு, ஈருறுப்புப் பரவல் எல்லாம் புரிந்தன. நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அனுமானப் பகுதி தொடங்கியதிலிருந்து தலை சுற்றுகிறது. வாய்பாட்டில் எண்களைப் போட்டால் விடை வருகிறது, ஆனால் வந்தது என்னவென்று தெரியவில்லை. போன தேர்வில் ஒரு கேள்வி: ஒரு கூறை (மாதிரியை) வைத்துக் கணக்கிட்ட, சராசரிக்கான 95% நம்பிக்கை இடைவெளி 62 முதல் 70 வரை. ‘உண்மையான சராசரி இந்த இடைவெளிக்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95’ என்பது சரியா, தவறா? சரி என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். பி-மதிப்பு 0.03 என்றால் இன்மை எடுகோள் (‘விளைவு எதுவும் இல்லை’ என்று வைத்துக்கொள்வது) உண்மையாக இருக்க 3% வாய்ப்பு என்று எழுதியதும் தவறாம். ஏன் என்று கேட்டால் “வரையறை அப்படி” என்கிறார் ஆசிரியர். கூறின் பரவற்படி (எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) காணும்போது ஏன் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கிறோம் என்பதற்கும் அதே பதில்தான். எனக்குக் கணக்கு வரவில்லையா? வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற வேண்டாம். நிபந்தனை நிகழ்தகவு புரிந்து, ஈருறுப்புப் பரவலில் கணக்கும் போடத் தெரிந்தவரிடம் அனுமானப் பகுதிக்கு வேண்டிய கணிதம் ஏறக்குறைய இருக்கிறது. உங்கள் சிக்கல் வேறு. பாடம் நடுவழியில் திசை மாறிவிட்டது. மாறியதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

முதல் பாதிக் கணக்குகள் எப்படித் தொடங்கின என்று திரும்பிப் பாருங்கள். ‘சீரான பகடை ஒன்று’, ‘3 சிவப்புப் பந்துகளும் 5 நீலப் பந்துகளும் உள்ள பை’, ‘வெற்றி நிகழ்தகவு 0.4’. பைக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியும், கையில் என்ன வரும் என்பதுதான் தெரியாது. இரண்டாம் பாதியில் கையில் வந்தது கண்முன் கிடக்கிறது. எப்படிப்பட்ட பையிலிருந்து வந்தது என்பது தெரியாது. வாய்பாடுகள் பெரும்பாலும் பழையவைதான். தெரிந்ததும் தெரியாததும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவே. ஆனால் அந்த ‘அவ்வளவே’ லேசான விஷயமில்லை.

பாஸ்கலும் ஃபெர்மாவும் பாதியில் நின்ற சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டது 1654-இல்; அது உங்கள் முதல் பாதி வகைக் கேள்வி. பையைப் பார்க்காமல், வெளியே வந்ததை மட்டும் வைத்துப் பையை ஊகிக்கும் கேள்வியை முறையாகக் கையில் எடுத்தவர் யாக்கோபு பெர்னூலி. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713-இல் வெளிவந்த நூலில் 3,000 வெள்ளைக் கற்களும் 2,000 கறுப்புக் கற்களும் உள்ள ஒரு கலயம் வருகிறது. கல்லை எடுத்து, நிறம் பார்த்து, திரும்பப் போட்டு, மீண்டும் எடுக்க வேண்டும். கிடைக்கும் வெள்ளை விகிதம் உண்மையான விகிதத்திலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகாது என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பந்தயம் கட்ட எத்தனை முறை எடுக்க வேண்டும்? அவர் கண்ட விடை 25,550. நீங்கள் படித்த மைய எல்லைத் தேற்றத்தை (நிறைய எடுப்புகளின் சராசரி மணி வடிவப் பரவலை நெருங்கும் என்பதை) கொண்டு போட்டால் சுமார் 6,500-இலேயே முடிந்துவிடும் (போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி). நம்பிக்கை இடைவெளியை யெர்சி நெய்மன் இன்றைய வடிவில் வகுத்துத் தந்ததோ 1937-இல். பெர்னூலியிலிருந்து அங்கே போய்ச் சேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது. பாடத்திட்டம் அதே தூரத்தை எட்டாம் வாரத்துக்கும் ஒன்பதாம் வாரத்துக்கும் நடுவிலுள்ள சனி, ஞாயிறில் தாண்டிவிடுகிறது. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

சரி, உங்கள் 62-க்கும் 70-க்கும் வருவோம். வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: உண்மையான சராசரி ஒரு நிலையான எண். 62-உம் எண், 70-உம் எண். நடுவில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. மூன்று எண்களை வைத்துக்கொண்டு நிகழ்தகவு பேச இடமில்லை. விளக்கம் சரிதான். ஆனால் கேட்பவருக்கு வெறும் சொல் விளையாட்டாகப் படும். மாணவனாக இருந்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. வரையறையை மனப்பாடமாக எழுதித் தேறினேன், அதில் ஒரு சொல்லையும் நம்பாமல். பாடம் நடத்தத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கீழே வரும் விளையாட்டு எனக்குத் தெரியவந்தது. புள்ளியியல் வட்டாரத்தில் பழைய உதாரணம்தான்; அறிமுகப் பாடங்களில் ஏனோ அதிகம் வருவதில்லை.

ஒருவர் மனத்துக்குள் ஒரு முழு எண்ணை நினைத்துக்கொள்கிறார். உங்களிடம் அதை நேராகச் சொல்லமாட்டார். நாணயத்தைச் சுண்டுவார், தலை விழுந்தால் நினைத்த எண்ணோடு ஒன்று கூட்டிச் சொல்வார், பூ விழுந்தால் ஒன்று குறைத்துச் சொல்வார். இப்படி இரண்டு முறை. நாணயத்தை நீங்கள் பார்க்க முடியாது, அவர் சொன்ன இரண்டு எண்கள் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டும் வேறுவேறாக இருந்தால் நடு எண்ணைச் சொல்வது, இரண்டும் ஒன்றாக இருந்தால் அதில் ஒன்றைக் குறைத்துச் சொல்வது.

இந்த முறை எவ்வளவு நல்லது? அவர் சொல்லும் இரண்டு எண்களும் வேறுபட நிகழ்தகவு பாதி. அப்போது உங்கள் விடை கட்டாயம் சரி. ஒன்றாக வர நிகழ்தகவு மீதிப் பாதி. அதில் இரண்டும் தலையாக இருந்தால் சரி, இரண்டும் பூவாக இருந்தால் தவறு. மொத்தத்தில் முக்கால். நினைத்த எண் எதுவானாலும் முக்கால்தான். ஆக இது 75% நம்பிக்கை முறை.

இப்போது அவர் 41, 43 என்று சொல்கிறார். நீங்கள் 42 என்கிறீர்கள். இந்த 42 சரியாக இருக்க 75% வாய்ப்பு என்பீர்களா? மாட்டீர்கள். அது 42-தான், சந்தேகமே இல்லை. இன்னொரு சமயம் 43, 43 என்கிறார். முறைப்படி நீங்கள் மறுபடியும் 42 என்கிறீர்கள். இங்கேயும் 75 பொருந்தாது. எண் 42 ஆகவும் இருக்கலாம், 44 ஆகவும் இருக்கலாம். இப்படி இரண்டும் ஒன்றாக வருகிற சமயங்களை மட்டும் எடுத்து எண்ணினால் முறை பாதிதான் பலிக்கும். ஒரு கூறில் விடை முழு உறுதி, இன்னொரு கூறில் பாதிக்குப் பாதி. 75 என்ற எண் எந்தக் கூறுக்கும் பொருந்தவே இல்லை! ஆனாலும் அது பொய்யான எண்ணும் இல்லை. நாளெல்லாம் விளையாடினால் நான்கில் மூன்று முறை ஜெயிப்பீர்கள்.

உங்கள் 95-உம் இதே சாதி. அது இடைவெளியைச் செய்து தந்த முறையின் தகுதி; அந்த முறையிலிருந்து அன்று வெளியே வந்து விழுந்த 62, 70 என்ற ஜோடியின் தகுதி அல்ல. கூறு எடுப்பதற்கு முன் இரண்டு முனைகளும் சமவாய்ப்பு மாறிகள், எங்கே வேண்டுமானாலும் விழலாம். அப்போது ‘இந்த முனைகள் உண்மையான சராசரியை நடுவில் பிடிப்பதற்கான நிகழ்தகவு 0.95’ என்பது பிசகில்லாத வாக்கியம். கூறை எடுத்து எண்களைப் போட்டதும் நிகழ்தகவு வண்டியிலிருந்து இறங்கிவிடுகிறது. பாடநூலில் சமவாய்ப்பு மாறிக்குப் பெரிய எழுத்தும், பார்த்த மதிப்புக்குச் சிறிய எழுத்தும் போட்டிருப்பார்கள். அலங்காரம் என்று நினைத்துத் தாண்டியிருப்பீர்கள், எல்லோரும் தாண்டுகிறோம். முன்பு, பின்பு என்ற வேறுபாடு முழுவதும் அந்த எழுத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இனி ஒவ்வொரு கணக்கிலும் எந்த எழுத்து பெரியது, எது சிறியது என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் விடை தவறு, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஆசை தவறில்லை. ‘இந்தத் தரவைப் பார்த்த பிறகு, உண்மையான மதிப்பு எங்கே இருக்கும் என்று எவ்வளவு நம்பலாம்?’ என்பதுதானே மனிதர் எவரும் கேட்கும் கேள்வி? தாமஸ் பேய்ஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1763-இல் வெளிவந்த கட்டுரை கேட்டதும் அதைத்தான். பதில் வேண்டுமென்றால், தரவைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மதிப்பைப் பற்றி என்ன நினைத்தோம் என்பதையும் ஒரு பரவலாக எழுதிக் கணக்கில் சேர்க்க வேண்டும். நெய்மனின் வழி அந்த முன்கருத்தைக் கேட்பதில்லை. பதிலாக, நீங்கள் கேட்டதைவிடச் சற்று விலகிய ஒரு கேள்விக்கு விடை தருகிறது. உங்கள் பாடம் நெய்மன் வழியில் போகிறது. அதனால் தேர்வில் அவர் மொழியில் பதில் எழுதுங்கள், மனத்தில் பேய்ஸின் கேள்வியை அணைய விடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பாடங்களில் உதவும்.

பி-மதிப்புக்கு வருவோம். இன்மை எடுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், பார்த்த அளவோ அதைவிட மேலோ வருவதற்கான நிகழ்தகவு அது. இங்கே வாய்பாடே வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட பரிசோதனை வடிவமைப்பு நூலில் ஒரு பெண்மணி வருகிறார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்கிறார் அவர். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை சமவாய்ப்பாகக் கலைக்கப்பட்டது. எந்த நான்கு பால் முதலில் ஊற்றியவை என்று அவர் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா ஊகிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் நான்கையும் சரியாகச் சொல்ல நிகழ்தகவு 70-இல் 1, அதாவது 0.014. மூன்றைச் சரியாகச் சொன்னால்? மூன்று சரியாக வர 16 வழிகள், நான்கும் சரியாக வர 1 வழி. ‘இந்த அளவோ இதைவிட மேலோ’ என்று இரண்டையும் கூட்டினால் 70-இல் 17, ஏறக்குறைய 0.24. சும்மா ஊகிப்பவரே நான்கில் ஒரு தடவை சாதிக்கக்கூடியது. யாரும் அசரமாட்டார்கள்.

கணக்கு எங்கே தொடங்கியது என்று கவனித்தீர்களா? ‘சும்மா ஊகிக்கிறார் என்று வைத்துக்கொண்டால்’. அதுதான் இங்கே இன்மை எடுகோள். பி-மதிப்பான 0.014 பிறந்ததே அந்த எடுகோளுக்குள். அதையே எடுத்து ‘அவர் சும்மா ஊகிக்க 1.4% வாய்ப்பு’ என்று சொன்னால், ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கின் விடையை, அது உண்மையா என்ற கேள்விக்குப் பதிலாகக் கொடுக்கிறோம். முதல் பாதியில் இந்தப் பிழையை நீங்கள் செய்திருக்கமாட்டீர்கள். மழை பெய்தால் தரை நனையும் நிகழ்தகவும், தரை நனைந்திருந்தால் மழை பெய்திருக்கும் நிகழ்தகவும் வேறு வேறு என்று தெரிந்துதானே நிபந்தனை நிகழ்தகவில் மதிப்பெண் வாங்கினீர்கள்? பெயர் மாறி வந்ததும் அடையாளம் தெரியவில்லை.

இரண்டும் எவ்வளவு தூரம் விலகலாம் என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 எடுகோள்களைச் சோதிக்கிறோம். அவற்றில் 100-இல் மட்டுமே உண்மையில் விளைவு இருக்கிறது. மிகைகாண் நிலை (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, சோதனையின் திறன் (இருக்கும் விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு) 0.8. விளைவு உள்ள 100-இல் 80 பிடிபடும். விளைவே இல்லாத 900-இல் 45 தப்பாகப் பிடிபடும். ஆக ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று சொல்லப்படும் 125-இல் 45 வெறும் காற்று, 36 சதவீதம். ஐந்து சதவீதத்துக்குத்தான் துணிந்தோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்போம். இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பு பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவை பி-மதிப்பு அளப்பதில்லை என்பது அதில் ஒரு கொள்கை. ஆராய்ச்சியாளர்களுக்கே சொல்ல வேண்டியிருந்தது.

குழப்பத்துக்குப் பாடநூல்களும் ஒரு காரணம் என்பேன். பி-மதிப்பைச் சான்றின் வலுவாகப் படித்தவர் ஃபிஷர். ஓர் எல்லையை முன்னதாகவே நிர்ணயித்து, தாண்டினால் நிராகரி, தாண்டாவிட்டால் விடு என்ற முடிவெடுக்கும் சட்டகத்தை 1933-இல் வகுத்தவர்கள் நெய்மனும் ஈகான் பியர்சனும். இருதரப்புக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, கடுமையாகவே சண்டையிட்டார்கள். அறிமுகப் பாடநூல்கள் பல இருவரையும் ஒரே அத்தியாயத்தில் உட்கார வைத்து, ஒருவரே பேசுவதுபோல எழுதிவிட்டன. 0.03 என்றதும் ‘சான்று எவ்வளவு’ என்று ஒரு பக்கமும், ‘0.05-ஐவிடக் குறைவு, எனவே நிராகரி’ என்று மறுபக்கமும் இழுப்பது உங்கள் மூளைக் கோளாறு அல்ல.

ஒன்று குறைத்து வகுப்பது சின்ன விஷயம். 0 அல்லது 2, சம வாய்ப்பில் வரும் ஒரு மாறியை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 1, பரவற்படி 1. இரண்டு முறை எடுத்தால் கிடைக்கக்கூடியவை (0,0), (0,2), (2,0), (2,2). கூறின் சராசரியிலிருந்து விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் முறையே 0, 2, 2, 0. இரண்டால் வகுத்தால் 0, 1, 1, 0. இவற்றின் சராசரி அரை. உண்மையில் பாதிதான் வருகிறது. ஒன்றால் வகுத்தால் சராசரி 1. காரணம், உண்மையான மையம் தெரியாமல் கூறின் சராசரியையே மையமாக வைக்கிறோம்; அது தன் எண்களுக்கு நடுவில் போய் வசதியாக உட்கார்ந்துகொள்வதால் விலக்கங்கள் குறைத்துக் காட்டப்படுகின்றன. மற்றபடி பொதுவான நிறுவல் உங்கள் பாடநூலிலேயே இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. அனுமானப் பகுதியில் இன்னும் பத்துக் கணக்குகளைப் போடுவதற்கு முன், ஒரு மாலை நேரத்தைக் கூறெடுப்புப் பரவலுக்கு (மீண்டும் மீண்டும் கூறெடுத்தால் சராசரி எப்படியெல்லாம் மாறி வரும் என்பதற்கு) கொடுங்கள். பாடத்தில் ஒரே வகுப்பில் ஓட்டிவிடுகிற பகுதி அது. எனக்கு அதிகாரம் இருந்தால் இரண்டு வாரம் ஒதுக்குவேன். ஒரு கூறு, ஒரு சராசரி என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ‘சராசரியின் திட்டப் பிழை’ என்ற சொற்றொடருக்கே அர்த்தமில்லை. ஒரே ஓர் எண்ணுக்கு ஏது பரவல்? எடுத்திருக்கக்கூடிய மற்ற கூறுகளையும் மனக்கண்ணில் வரிசையாக நிறுத்தினால்தான் அது உயிர் பெறும்.

பகடையே போதும். ஒரு தடவை உருட்டினால் சராசரி 3.5, திட்ட விலக்கம் 1.71. 25 தடவை உருட்டிச் சராசரி எடுத்தால் அதன் திட்டப் பிழை 1.71-ஐ 5-ஆல் வகுத்தது, 0.34. (வர்க்கமூலம் இருப்பதால், பிழையைப் பாதியாக்க 50 போதாது, 100 உருட்டல்கள் வேண்டும்.) ஆக 25 உருட்டல்களின் சராசரியிலிருந்து இருபுறமும் 0.67 (திட்டப் பிழையின் 1.96 மடங்கு) தள்ளிக் கோடு போட்டால் அது 95% இடைவெளி. இதை 20 முறை செய்யுங்கள். கையால் 500 உருட்டல்கள் சலிப்பாக இருந்தால் கணினி விரிதாளில் சில நிமிட வேலை. 20 இடைவெளிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளில் கோடுகளாக வரையுங்கள். பிறகு 3.5-இல் ஒரு நெடுங்கோடு இழுங்கள்.

கோடுகள் இடதும் வலதுமாக அலையும், நெடுங்கோடு அசையாது. எது சமவாய்ப்பு, எது நிலையானது என்பதை ஆசிரியர் சொல்லி நம்ப வேண்டியதில்லை. 20-இல் 19 பிடிக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். சரியாக 19 வர நிகழ்தகவு 0.38-தான். இருபதும் பிடித்துவிட 0.36. இரண்டையும் ஈருறுப்புப் பரவலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், முதல் பாதியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்தானே. 3.5-ஐத் தவறவிட்ட கோடு ஒன்று கிடைத்தால் அதைச் சிவப்பில் வரையுங்கள். நிஜக் கணக்கில் நெடுங்கோடு கண்ணுக்குத் தெரியாது. உங்களிடம் ஒரே ஒரு கிடைக்கோடு இருக்கும், அது சிவப்பா இல்லையா என்று பார்க்க வழியிருக்காது.

அப்புறம், தேர்வில் இதே கேள்வி மறுபடி வந்தால் இப்படி எழுதுங்கள்: ‘தவறு. இதே முறையில் மீண்டும் மீண்டும் கூறெடுத்து இடைவெளிகள் அமைத்தால், அவற்றில் நீண்டகால அளவில் 95 சதவீதம் உண்மையான சராசரியை உள்ளடக்கும். 62, 70 அப்படி அமைந்த ஓர் இடைவெளி.’ முழு மதிப்பெண் கிடைக்கும். ஆசிரியர் பொறுமையுள்ளவர் என்றால், எண்ணை நினைத்துக்கொள்ளும் அந்த விளையாட்டை அவரோடு ஒரு முறை ஆடிப் பாருங்கள், அவர் 43, 43 என்று சொன்னதும் “இப்போது எத்தனை சதவீதம்?” என்று கேளுங்கள்.